ஐந்து வீபேக்களும் ஒரு குடும்பப் பெயரும்

ஃப்ரீஸ்லாந்தின் ஆல்ட்ஸில் என்ற ஊரின் தூக்குப் பாலத்தைக் கடந்த எந்தப் படகுக்காரனும் ஹிஸ்கேயின் வாய்க்குத் தப்பியதில்லை. பாலத்தைத் தூக்கி நிறுத்திவிட்டு, நீளக் கழியின் நுனியில் கட்டிய மரச்செருப்பைத் தூண்டில் போலப் படகை நோக்கி நீட்டுவாள். கடப்புக் காசை அந்தச் செருப்புக்குள் போட வேண்டும். தேய்ந்த காசு விழுந்தால் அவளுக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

"அண்ணே, இந்தக் காசுல ஒரு சிங்கம் இருக்கணுமே, எங்க? உங்க வீட்டுப் பூனை தின்னுடுச்சா?"

படகுக்காரன் திட்டிக்கொண்டே வேறு காசு போடுவான். கரையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஹிஸ்கே சிரிக்க மாட்டாள்.

பாலத்தைக் காத்தவன் அவள் கணவன் யெல்லே. சதுப்புக் காய்ச்சலில் அவன் போனபின், மகன் தலையெடுக்கும்வரை அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஊர்ச்சபை விட்டுவைத்தது. அதனால் அவளுடைய கணக்கு எளிமையானது. மகன் வளர வேண்டும், பாலம் அவன் கைக்கு வர வேண்டும், அதுவரை யாரும் குறுக்கே வரக்கூடாது. அந்த மகனின் பெயர் வீபே.

வீபே என்று சொன்னால் மட்டும் ஊரில் ஒன்றும் புரியாது. அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. மூத்த மகனுக்கு அப்பா வழித் தாத்தாவின் பெயரை வைத்தே தீர வேண்டும். ஹிஸ்கேயின் மாமனார் கிழ வீபேக்கு ஐந்து மகன்கள். ஐவருக்கும் கிட்டத்தட்ட ஒரே பருவத்தில் கல்யாணமாகி, ஐவருக்கும் முதலில் ஆண் குழந்தையே பிறந்தது. பாதிரியார் ஐந்து முறையும் "பேர் என்ன?" என்று கேட்டது வெறும் மரியாதைக்குத்தான். ஆகவே ஊரார் வசதிக்காக ஒருவன் நெட்டை வீபே, ஒருவன் சிவப்பு வீபே, விலாங்கு பிடிப்பவன் விலாங்கு வீபே, மாவு மணக்கிறவன் ரொட்டி வீபே. ஹிஸ்கேயின் மகன் பாலத்து வீபே. குடும்பப் பெயர் என்று ஒன்று யாரிடமும் இல்லை. அப்பன் பெயரையும் பட்டப்பெயரையும் வைத்துக்கொண்டு கடன், கல்யாணம், சண்டை எல்லாம் தடையின்றி நடந்தன.

அப்படியிருக்கும்போதுதான் பிரெஞ்சுக்காரர்கள் நாட்டைத் தங்கள் பேரரசோடு சேர்த்துக்கொண்டு, எல்லோரும் ஒரு குடும்பப் பெயரைச் சொல்லிப் பதிய வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். தாத்தா உயிரோடு இருந்தால் அவர் சொல்லும் பெயரே பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்.

கிழவர் வீட்டில் அன்றிலிருந்து அடுப்பு எரிந்ததோ இல்லையோ, வாய்ச்சண்டை எரிந்தது. மூன்றாவது மகன் ஷூர்டுக்குக் கோட்டை என்று பொருள் வருகிற பெயர் வேண்டும். அவன் வீட்டுக் கூரை அப்போது மூன்று இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஹிஸ்கே கேட்டது பாலத்தின் பெயரை. பெயரிலேயே பாலம் இருந்துவிட்டால் நாளைக்கு மகனைத் தாண்டி வேறொருவனுக்கு ஊர்ச்சபை எப்படிக் கொடுக்கும்?

"மாமா, நம்ம குடும்பத்துல நிலையா நிக்குறது அந்தப் பாலம் ஒண்ணுதான். யோசிச்சுப் பாருங்க."

"அதுவும் தினம் பத்துத் தடவ தூக்கிக்கிட்டுத்தானே நிக்குது?" என்றான் ஷூர்ட்.

"உங்க கோட்டைய விடத் தேவலாம் கொழுந்தனாரே. மழைக்கு ஒதுங்கவாச்சும் பாலத்துக்கு அடியில இடம் இருக்கு."

கிழவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பதிவு நாளன்று நல்ல மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு குமாஸ்தா முன்னால் போய் நின்றார். பின்னால் மொத்தக் குடும்பமும் நின்றது.

"குடும்பப் பேர் என்ன போடட்டும் தாத்தா?"

"நான் முப்பது வருஷம் ஆம்ஸ்டர்டாமுக்கு அடுப்பெரிக்கிற எரிமண் கட்டி ஏத்திக்கிட்டுப் போனவன். அந்தத் துறையில மூட்டை தூக்குறவன்லேர்ந்து மீன்காரி வரைக்கும் ஒருத்தரும் என்னை வீபேன்னு கூப்பிட்டதில்ல. ‘ஏ ஃப்ரீஸ்லாந்துக்காரா’ன்னுதான் கூப்பிடுவாங்க. என் சொந்தப் பேருக்கு அடுத்து எனக்குன்னு இருக்குற பேர் அது ஒண்ணுதான். அதையே எழுது."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "தாத்தா, அந்த ஊர்ல அது சரி. இங்க நான், நீங்க, வெளிய நிக்குற மாடு எல்லாமே ஃப்ரீஸ்லாந்துதான்."

"மாடு வந்து கேட்டா அதுக்கும் எழுதிக் குடு."

குமாஸ்தா ‘டி விரீஸ்’ என்று எழுதினார். ஃப்ரீஸ்லாந்துக்காரன் என்பதற்கு அவர்கள் மொழியில் அதுதான் சொல். எழுதிவிட்டு, தாமே கண்டுபிடித்தவர்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "இனிமே அப்பா பேர், பட்டப்பேர் ஒண்ணும் வேண்டாம். பேர், குடும்பப் பேர், ஊர். ஒரே வரியில எந்த ஆளையும் புடிச்சுடலாம். பாரிஸ் முறை!"

வெளியே வந்ததும் ஷூர்ட் தலையில் அடித்துக்கொண்டான். "மாட்டுக்கு மாடுன்னு பேர் வெச்ச மாதிரி ஆயிடுச்சு நம்ம கத." ஹிஸ்கே ஞாயிறுதோறும் மாமனாருக்கு அனுப்பும் பட்டாணி சூப்பை நிறுத்தினாள், அவ்வளவுதான்.

ஆனால் பெயர் அந்தக் குடும்பத்தோடு நிற்கவில்லை. அடுத்து நின்ற மீனவன், தன் முறை வந்ததும் திருதிருவென்று விழித்துவிட்டு, "முன்னால போனவருக்கு என்ன எழுதுனீங்களோ அதையே எழுதுங்க" என்றான். அவனுக்குப் பின்னால் நின்றவனும் அதையே சொன்னான். தனியாக ஒரு பெயர் வைத்துக்கொண்டு வரிக்காரன் கண்ணில் படுவானேன், கூட்டத்தோடு கூட்டமாக இருந்துவிட்டுப் போவோம் என்ற எண்ணம் வரிசை முழுக்கப் பரவிவிட்டது. குளிரில் குமாஸ்தாவின் விரல்கள் விறைத்திருந்தன. அவரும் மறுப்புச் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் பாதி ஊர் டி விரீஸ் ஆனது.

அந்தப் பெயரால் ஆகப்போகும் காரியம் என்ன என்று ஹிஸ்கேக்குப் புரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

பேரரசுக்குப் படைவீரர்கள் வேண்டியிருந்தார்கள். இளைஞர்கள் பெட்டிக்குள் கைவிட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். சின்ன எண் வந்தவன் போக வேண்டும். விதவையின் ஒரே மகனுக்கு விலக்கு உண்டு என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு பெரும்படை ரஷ்யப் பனியில் கரைந்துபோக, விலக்குகளும் அதோடு கரைந்தன. மற்ற நான்கு வீபேக்களும் பெரிய எண் எடுத்துத் தப்பினார்கள். பாலத்து வீபே எடுத்தது மிகச் சின்ன எண். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொன்னபோது, பரிசு விழுந்தவன்போல அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். ஹிஸ்கே அவனைத் திட்டவில்லை. அப்போதுதான் அவனுக்கே பயம் வந்தது.

மறுநாள் அவள் தேவாலய வாசலில் நின்றுகொண்டு, வெளியே வந்த ஒவ்வொருவரிடமும் ஒன்றையே சொன்னாள். "சிப்பாய் காதுல பட்டப்பேர் விழக்கூடாது. நெட்டை இல்ல, சிவப்பு இல்ல, பாலம் இல்ல. எல்லாம் வீபே டி விரீஸ். அவங்க கேட்ட பேரையே அவங்களுக்குக் குடுப்போம்."

"உன் மகனுக்காக என் மகனும் பயந்து சாகணுமா?" என்றான் ஷூர்ட். நெட்டை வீபே அவனுடைய பிள்ளை.

"அதெல்லாம் உங்கப்பா வெச்ச பேர் கொழுந்தனாரே. அவர் உங்க பேச்சக் கேட்டிருந்தா இந்நேரம் நீங்க கோட்டைக்குள்ள இருந்திருப்பீங்க."

அன்று மாலையே பாலத்து வீபே ஏரியின் நாணல் திட்டில் இருந்த விலாங்குக் குடிசைக்குப் போய்விட்டான்.

அவனைப் பிடிக்க வந்த சார்ஜன்ட் வெர்ஹெல்ஸ்ட் ஃப்ளாண்டர்ஸ்காரன். பிரெஞ்சுச் சீருடை போட்டிருந்தாலும் இவர்கள் பேச்சு அவனுக்குப் புரியும். ஹிஸ்கேக்கு அது வருத்தமாக இருந்தது. புரியாதவனை ஏமாற்றுவது இன்னும் சுலபம்.

"வீபே டி விரீஸ் யாரு?" என்றான் பாலத்தில் வந்து நின்று.

"நல்ல குடும்பங்க."

"வீடு எங்க?"

"தேவாலயத்தைத் தாண்டுனா இடது பக்கங்க. வலது பக்கமும்."

"உனக்கு ஒரு மகன் இருக்கானாமே. பேர் என்ன?"

"வீபே டி விரீஸ்ங்க."

"அப்ப அவன்தான்!"

"அவனுந்தாங்க."

வெர்ஹெல்ஸ்ட் கையிலிருந்த தாளைப் பார்த்தான். பெயர், குடும்பப் பெயர், ஊர், இருபது வயது. ஒரே வரிதான். கோபப்படாமல் தாளை மடித்து உள்ளே வைத்தான். ஹிஸ்கேக்கு அந்த அமைதி பிடிக்கவே இல்லை.

தை மாதத்தில் கால்வாய் இறுகி உறைந்தது. படகு ஓடாத நாள்களில் ஹிஸ்கே பனிமேல் ஒரு கூடாரம் அடித்து, சோம்பு போட்ட சூடான பாலும் இஞ்சி கேக்கும் விற்பாள். அந்த வாரம் மதுக்கடைக்காரன் சறுக்குப் பந்தயம் அறிவித்தான். இரண்டு இரண்டு பேராக நேர்க்கோட்டில் ஓட வேண்டும். தோற்றவன் வெளியேற, கடைசியில் நிற்பவனுக்கு ஒரு வெள்ளிப் புகையிலைப் பெட்டி. கொடுப்பவர் பெயர் சொல்ல விரும்பாத ஒரு நல்ல மனிதராம்.

"நம்ம ஊர்ல வெள்ளியத் தூக்கிக் குடுக்குற நல்ல மனுஷன் எப்போ பொறந்தான்?" என்றாள் ஹிஸ்கே. ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் எடுத்துக்கொண்டு நேராக நாணல் திட்டுக்குச் சறுக்கிப் போனாள்.

"இது பொறிடா. புரியுதா? அன்னிக்கு நீ இந்தக் குடிசைய விட்டுத் தலைய நீட்டக்கூடாது."

"வரமாட்டேம்மா. நான் என்ன பைத்தியமா?" என்றான் மகன். சொல்லிக்கொண்டே காலில் கட்டிச் சறுக்கும் கட்டையின் இரும்பை நெருப்பருகே வைத்துத் துடைத்தான்.

அந்த ஊர்ப் பையன்கள் பீரங்கிக்குப் பயந்து மாதக்கணக்கில் ஒளிந்திருப்பார்கள். நல்ல பனியில் பந்தயம் என்றால் மட்டும் அவர்களால் ஒரு காலை நேரம்கூட ஒளிந்திருக்க முடியாது. வெர்ஹெல்ஸ்ட் ஊருக்கு வந்து கற்றுக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

பந்தய நாளில் சுற்று வட்டாரமே கால்வாய்க் கரையில் நின்றது. ஹிஸ்கே அண்டாவைக் கிளறிக்கொண்டே ஓட வந்தவர்களைப் பார்த்தாள். சிவப்பு வந்திருந்தான். ரொட்டி வந்திருந்தான். நெட்டை, விலாங்கு. பிறகு கம்பளித் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, பாலத்து வீபே.

கூப்பிடவும் முடியாது, திட்டவும் முடியாது. கிளறியதில் பால் பாதி நெருப்பில் கொட்டியது.

ஒரு சுற்று ஓடித் தோற்றுவிட்டாவது போய்த் தொலைவான் என்று பார்த்தாள். அவன் ஜெயித்தான். மறுபடியும் ஜெயித்தான். வாழ்நாளில் முதல்முறையாக ஹிஸ்கே மகன் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஆண்டவர் அன்று வேறு யாருக்கோ காது கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசி ஓட்டத்துக்கு மிஞ்சியவர்கள் இருவர். மதுக்கடைக்காரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கத்தினான்: "இடது பக்கம் வீபே டி விரீஸ்! வலது பக்கம் வீபே டி விரீஸ்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பாலத்தானும் நெட்டையும் தோளோடு தோளாக எல்லைக்கோட்டைத் தாண்டினார்கள். யார் முந்தியது என்று சண்டை தொடங்குவதற்குள், மதுக்கடைக்குப் பின்னாலிருந்து வெர்ஹெல்ஸ்ட் மூன்று சிப்பாய்களோடு வெளியே வந்தான்.

"வீபே டி விரீஸ் எல்லாரும் வரிசையா நில்லுங்க."

ஐவரும் நின்றார்கள். வெர்ஹெல்ஸ்ட் அவர்களைப் பார்க்கவே இல்லை. ஹிஸ்கேயைப் பார்த்தான்.

"பசங்க ஓடிக் களைச்சிருக்காங்க. என் செலவுல ஆளுக்கு ஒரு கோப்பை பால் குடும்மா. ஒவ்வொருத்தனுக்கா, உன் கையால குடு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. முதலில் யாரிடம் போகிறாள், யார் முகத்தைப் பார்க்கத் தவிர்க்கிறாள் என்றெல்லாம் அவன் பார்க்கப்போகிறான். வேறு ஒருவனுக்கு முதலில் கொடுத்தால் அந்தப் பிள்ளையைக் கட்டி இழுத்துப் போவான். அந்தப் பையனும் ஒருத்தி பெற்ற பிள்ளைதான். ஹிஸ்கே முதல் கோப்பையை மொண்டு நேராக வெர்ஹெல்ஸ்டிடம் நீட்டினாள்.

"வெளியூர்லேர்ந்து வந்தவங்க நிக்கும்போது வீட்டுப் பசங்களுக்கா முதல்ல குடுப்பாங்க? பிடிங்க சார்."

அடுத்த மூன்று கோப்பையும் சிப்பாய்களுக்குப் போயின. அவர்கள் துப்பாக்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். அப்போது கூட்டத்திலிருந்து ஷூர்ட் முன்னால் வந்தான். "ஐயா, எங்க வீட்டுப் பையன் வந்து, அவன் எடுத்த எண் வந்து..."

ஹிஸ்கே இருப்பதிலேயே பெரிய இஞ்சி கேக்கை எடுத்து அவன் வாயில் திணித்தாள். "கொழுந்தனாரே, காலையிலேர்ந்து பட்டினியா நிக்குறீங்க. சாப்பிடுங்க, காசு வேண்டாம்."

இலவசமாக வந்ததை ஷூர்ட் பிறந்ததிலிருந்து துப்பியதில்லை. கண்ணீர் வர வர மென்றான். அதற்குள் அவள் மீதிக் கோப்பைகளைத் தட்டில் வைத்துப் பனிமேல் தள்ளிவிட்டாள். தட்டு சறுக்கிக்கொண்டே போய் ஐவரின் காலடியில் நின்றது. ஐவரும் ஒன்றாகக் குனிந்து எடுத்தார்கள்.

வெர்ஹெல்ஸ்டின் அமைதி அங்கேதான் உடைந்தது. "அஞ்சு பேரையும் கட்டுங்கடா!"

சிப்பாய்கள் கோப்பையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார்கள். அவர்கள் காலில் வழுவழுவென்று தேய்ந்த பூட்ஸ். பையன்கள் காலில் இரும்பு. முதல் சிப்பாய் விழுந்தான், இரண்டாமவன் அவன்மேல் விழுந்தான், துப்பாக்கி தனியாக ஏரிப் பக்கம் சறுக்கிப் போனது. கட்டளையிட்டுக்கொண்டே ஓடிய வெர்ஹெல்ஸ்ட் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தான். ஐந்து வீபேக்களும் ஐந்து கால்வாய்க் கிளைகளில் பறந்துவிட்டார்கள். இரண்டு பேர் கையில் பால் சிந்தாத கோப்பை இருந்தது.

ஹிஸ்கேதான் வெர்ஹெல்ஸ்டைத் தூக்கிப் பீப்பாய்மேல் உட்காரவைத்தாள். இன்னொரு கோப்பை கொடுத்தாள். இம்முறை அதில் ஜின் கலந்திருந்தது.

"அடி பலமா சார்?"

"மேஜர் என்னைக் கொன்னுடுவாரு," என்றான் அவன். சார்ஜன்ட் குரல் போய், யார் வீட்டுப் பிள்ளையோ பேசுவதுபோல் இருந்தது. "வீபே டி விரீஸ் இல்லாம திரும்பி வராதன்னு சொல்லித்தான் அனுப்புனாரு."

"எந்த வீபேன்னு சொன்னாரா?"

"அதத்தான் எழுதித் தொலையலையே!"

"அப்புறம் என்ன சார் கவலை? ஒரு வீபே டி விரீஸ் இன்னும் இங்கதான் இருக்காரு. மாமா, இப்படி வாங்க."

கிழவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு விஷயம் பாதிதான் புரிந்திருந்தது. "ஊர்லயே முதல் வீபே டி விரீஸ் நான்தான். படையில சேரணுமா? வரேன். பாரிஸ நான் பார்த்ததே இல்ல."

"மாமா, வாயத் தொறங்க."

"எதுக்கு?"

"சும்மா தொறங்க."

கிழவர் திறந்தார். உள்ளே ஒரு பல்கூட இல்லை. தோட்டா உறையைப் பல்லால் கடித்துக் கிழிக்க முடியாதவனைப் படையில் சேர்க்க மாட்டார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பல்லைப் பிடுங்கிக்கொண்டு தப்பியவர்கள்கூட உண்டு. வெர்ஹெல்ஸ்ட் அந்த வாய்க்குள் வெகுநேரம் பார்த்தான்.

"வயசு இருபதுன்னு போட்டிருக்கே," என்றான் மெல்ல.

"அந்த வயச எழுதுறப்ப உங்க குமாஸ்தாவுக்கு விரல் விறைச்சிருக்கும் சார். இங்க குளிர் அப்படி. இன்னொரு கோப்பை ஊத்தட்டுமா?"

அவன் தாளைத் தொடையில் வைத்து எழுதினான்: வீபே டி விரீஸ், ஆல்ட்ஸில். நேரில் பரிசோதிக்கப்பட்டார். பற்கள் இல்லை. தகுதியற்றவர். கிழவர் கீழே ஒரு சிலுவைக்குறி போட்டார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த பெயர் போகவில்லை. சிவப்பு வீபே ஆம்ஸ்டர்டாம் துறைக்குப் போனான். ரொட்டி வீபே இன்னொரு நகரத்தில் அடுப்பு வைத்தான். இருவரும் போன இடத்தில், தலைமுறைகளுக்கு முன் ஃப்ரீஸ்லாந்திலிருந்து பிழைக்க வந்து, அக்கம்பக்கத்தார் கூப்பிட்டே அந்தப் பெயரைப் பெற்ற டி விரீஸ்கள் ஏற்கெனவே தெருத்தெருவாக இருந்தார்கள். "நீங்க எந்த டி விரீஸ்?" என்று அவர்கள் கேட்க, இவர்கள் விழித்தார்கள். ஹிஸ்கேக்கு மட்டும் அந்தப் பெயர் வரவே இல்லை. யெல்லே பதிவுக்கு முன்பே இறந்துபோனவன். அவள் கடைசிவரை அப்பா பெயரோடு ஹன்ஸின் மகள் ஹிஸ்கேயாகவே இருந்தாள். அதைப் பற்றி யாராவது கேட்டால், "இருக்குறவங்கள எண்ணவே ஆள் பத்தல, இதுல நான் வேறயா?" என்பாள்.

அதெல்லாம் பிறகு நடந்தது. பந்தயத்தன்று பொழுது சாயும் நேரத்தில் மகன் வீடு திரும்பினான். ஹிஸ்கே சூப்புச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். அவன் தொப்பியைக் கழற்றுவதற்குள் கரண்டிக் காம்பால் தோளில் ஒரு அடி வைத்தாள்.

"பைத்தியமான்னு கேட்டியே, இப்போ சொல்லு!"

"அம்மா, பனி அப்படி இருந்துச்சும்மா. கண்ணாடி மாதிரி."

இரண்டாவது அடி விழவில்லை. அவள் சட்டியைத் துணியில் கட்டி அவன் கையில் கொடுத்தாள். "தாத்தாவுக்குக் குடுத்துட்டு வா. நாலு பேர் முன்னால வாயத் தொறக்க வெச்சுட்டேன்னு கோவமா கதவச் சாத்திக்கிட்டாரு. பட்டாணிய நல்லா மசிச்சிருக்கேன்னு சொல்லு."

கிழவர் வீடு எதிர்ச்சாரியில்தான். அவன் போய்க் கதவைத் தட்டுவது திறந்த வாசல் வழியே ஹிஸ்கேக்குக் கேட்டது.

"யாரது?"

"வீபே, தாத்தா!"

"எந்த வீபேடா?"

"பாலத்து வீபே!" என்று அவன் தெரு முழுக்கக் கேட்கக் கத்தினான்.

ஹிஸ்கேக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையிலிருந்த கரண்டியோடு வாசலுக்கு ஓடி, சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு நாய் மட்டும் பனியை முகர்ந்துகொண்டு போனது. பிறகு, "போறவன் கதவச் சாத்திட்டுப் போக மாட்டியாடா, குளிர் பூரா உள்ள வருது!" என்று கத்திவிட்டு உள்ளே போனாள்.